ஷம்பேயின் ரிவர்ஸ் லைட்

ஷம்பேக்குச் சொந்தமாகப் படகு கிடையாது. ஆனால் அந்தக் கரையில் படகு வைத்திருக்கிற எவனும் ஷம்பே இல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது. மீனோடு திரும்புகிற படகைத் தண்ணீரிலிருந்து மேட்டு மணலுக்கு இழுத்துப் போடுவதுதான் அவர் பிழைப்பு. அதற்கென்று ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். கதவுகளை உப்பு தின்றுவிட்டது, சீட்டுப் பஞ்சு வெளியே தொங்குகிறது, என்ஜின் மட்டும் இன்னும் கல்லுக்குண்டாக இருக்கிறது.

நான் ஸஹம் என்கிற இந்த அரபுக் கடற்கரை ஊரில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன். வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இந்தக் கரையோரத்துப் பிக்கப்புகளின் வயிற்றில் எந்த ஒயர் எங்கே அறுந்திருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, முதுகுவலிதான் இருக்கிறது.

படகு இழுப்பது பெரிய வித்தை இல்லை. வண்டியை ரிவர்ஸில் அலை தொடுகிற இடம் வரை கொண்டுபோக வேண்டும். வண்டியின் பின்னால் கட்டிய கயிற்றின் கொக்கியை ஒருவன் எடுத்துப் படகின் மூக்கில் இருக்கும் வளையத்தில் மாட்டுவான். மாட்டிவிட்டு அவன் விலகிக் கையைத் தூக்கியதும் வண்டி முன்னால் போகும், படகும் கூடவே வரும். ஆபத்தெல்லாம் மாட்டுகிறவனுக்குத்தான். ஒரு பக்கம் அலை படகைத் தள்ளும், மறுபக்கம் வண்டி பின்னால் வரும், நடுவில் அவன் நிற்பான்.

ஷம்பேக்கு அப்படி நின்றவன் பீர்தாத், அவர் மனைவி நாஸ்பீபியின் தம்பி. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. காது நன்றாக உள்ளவர்கள் எத்தனையோ பேர் இருக்க இவனையா அங்கே நிறுத்துவது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். படகுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். அவனைப்போல் சட்டென்று கொக்கி மாட்ட அந்தக் கரையில் ஆள் கிடையாது. அவன் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான், ரிவர்ஸ் லைட்டை. எரிந்தால் வண்டி வருகிறது, அணைந்தால் நின்றுவிட்டது. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாலும் படகின் வெள்ளை மூக்கில் அந்த வெளிச்சம் விழும், அதைப் பார்த்துக்கொள்வான். படகுகள் விடிகிற நேரத்தில் வருவதால் நன்றாகவே தெரியும்.

போன வஞ்சிர சீசனில் அந்த லைட் எரியாமல் போனது. தினமும் கடல் தண்ணீரில் பின்பக்கத்தை நனைக்கிற வண்டிக்கு அது அதிசயமில்லை. ஷம்பே உடனே என்னிடம் வந்திருக்கலாம். ஆனால் சீசன் நேரத்தில் வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் பக்கத்துக் கரைக்காரன் வந்து உட்கார்ந்துகொள்வான் என்று அவருக்குப் பயம். ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரே பின்விளக்குக்கு இழுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்சை வைத்துவிட்டார். கியர் போட்டால் எரிந்த விளக்கு, அன்றிலிருந்து கையால் போட்டால் எரிகிற விளக்கானது. கரையில் பாதி வண்டிகளில் இந்தக் கைவேலை உண்டு. மீன் பிரிக்க வெளிச்சம், வலை தைக்க வெளிச்சம் என்று அதற்கு நூறு நியாயம் சொல்வார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த வண்டிகளுக்குப் பின்னால் காது கேட்காத ஆள் நிற்பதில்லை.

பீர்தாத்திடம் ஷம்பே இதைச் சொல்லவில்லை. விளக்குதான் எரிகிறதே, அவனுக்கு வேறென்ன தெரிய வேண்டும் என்று விட்டுவிட்டார்.

கொஞ்ச நாள் கை தவறாமல் ஓடியது. ஒரு விடியலில் அலை முரட்டுத்தனமாக இருந்தது. ஷம்பே வண்டியை நிறுத்திச் சுவிட்சை அணைத்தார். பீர்தாத் நடுவில் இறங்கிக் கொக்கியைக் கையில் எடுத்தான். அதற்குள் அலை படகைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. கயிறு எட்டாது என்று ஷம்பே இன்னும் கொஞ்சம் பின்னால் வந்தார். சுவிட்சைப் போட மறந்துவிட்டார். பீர்தாத்தின் கண் முன்னால் படகின் மூக்கு இருட்டாகவே இருந்தது. வண்டியின் பின்கதவு இடுப்பில் மோதி அவனைப் படகோடு சேர்த்து நெருக்கியது. கரையில் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் ஷம்பே பிரேக்கை மிதித்தார்.

எலும்பு முறியவில்லை, அது அவன் நல்ல நேரம். இடுப்பெல்லாம் கன்றிக் கறுத்துப்போனது. தூக்கி உட்கார வைத்தவர்களை விலக்கிவிட்டு, நொண்டிக்கொண்டே போய் முதலில் பின்விளக்கைப் பார்த்தான். பிறகு டிரைவர் கதவைத் திறந்து உள்ளே தேடினான். சுவிட்ச் அகப்பட்டது. போட்டுப் பார்த்தான், அணைத்துப் பார்த்தான். ஷம்பேயின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். அதோடு கரைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

ஷம்பே என் கராஜுக்கு வந்து நின்றபோது முகத்தில் ஈயாடவில்லை. நடந்ததைக் கேட்கக் கேட்க எனக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வீட்டிலேயே வேண்டிய மட்டும் வாங்கியிருந்தார்.

"'என் தம்பிக்குக் காதுதான் இல்ல, உங்களுக்கு மூளையே இல்ல'ன்னுட்டா. சோறு வைக்கிறா, பேச மாட்டேங்குறா. அவன் என்னைப் பாத்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறான். உஸ்தாத், அவன் திரும்பி வரணும். வேற ஆளை வச்சு என்னால ஓட்ட முடியாது."

"அந்த ஒயரைப் போட்ட கையை உடைக்கணும் அண்ணே" என்றேன்.

"உடைச்சுக்க. லைட்டைச் சரிபண்ணிட்டு உடை."

வண்டிக்குக் கீழே படுத்தேன். கியர் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ரிவர்ஸ் விழும்போது அது அமுங்கி விளக்குக்குக் கரண்டை விடும். அதற்கு வருகிற ஒயரில் கரண்ட் இருந்தது, அதைத் தாண்டிப் போகிற ஒயரில் இல்லை. இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பிடித்ததும் விளக்கு எரிந்தது, அதுவும் ஒரு பக்கம்தான். மறுபக்கம் பல்பு உட்காரும் குழி பச்சை பூத்துக் கிடந்தது. அந்தச் சுவிட்ச் கடையில் இல்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்துக்குப் போய், அதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து கழற்றி வந்தோம். ஷம்பேயின் வண்டியில் பழையதைக் கழற்றும்போது கியர் ஆயில் வழிந்து என் காதுக்குள் போனது. வேறு நாளாக இருந்தால் ஷம்பே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்று துணியை மட்டும் நீட்டினார். புது வாஷர் போட்டு முறுக்கி, குழியைச் சுரண்டிக் கிரீஸ் தடவி, அவர் இழுத்திருந்த ஒயரை அடியோடு பிடுங்கி எறிந்தேன். கியரைப் போட்டால் இரண்டு பக்கமும் எரிந்தது, எடுத்தால் அணைந்தது.

தனியாக வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பீர்தாத் வாசலில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தான். வண்டியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நாஸ்பீபிதான் கையைப் பிடித்து எழுப்பி, வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஷம்பே கியரைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, பத்துத் தடவைக்கு மேல் காட்டினார். பீர்தாத் வண்டிக்குள் குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் தடவிப் பார்த்தான். சுவிட்ச் இருந்த ஓட்டை மட்டும்தான் இருந்தது. சரி, நம் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

பீர்தாத் விளக்கைக் காட்டித் தலையாட்டினான். ஷம்பேயைக் காட்டிக் கையை விரித்தான். பிறகு விரல்கள் வேகமாக ஓடின. எனக்குப் பாதிதான் புரிந்தது. நாஸ்பீபி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"விளக்குன்னா கெட்டுத்தான் போகும்கிறான். கெட்டுப்போச்சுன்னு ஏன் எனக்குச் சொல்லலன்னு கேக்குறான். கரையில எல்லாருக்கும் காது இருக்கு, எனக்கு மாமாதான் இருந்தாருங்கிறான்."

ஷம்பே சாவியை எடுத்துப் பீர்தாத்தின் கையில் வைத்தார். டிரைவர் சீட்டைக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய், கொக்கி மாட்டுகிறவன் நிற்கிற இடத்தில் நின்றார். பீர்தாத்துக்கு லைசென்ஸ் கிடையாது, ஆனால் மணலில் வண்டி ஓட்டத் தெரியாத ஆண்பிள்ளை அந்தப் பக்கம் இல்லை, அங்கே யாரும் கேட்பதும் இல்லை. வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று நாஸ்பீபி முணுமுணுத்தாள். பீர்தாத் சாவியை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் விடியலில் நானும் கரைக்குப் போனேன். பீர்தாத் ஜன்னல் வழியே தலையை நீட்டி, மெதுவாகத்தான் பின்னால் வந்தான். ஷம்பே முழங்கால் தண்ணீரில் நின்று கொக்கியோடு தடுமாறினார். படகுக்கு வளையல் போட்டு அழகு பார்க்கிறாயா என்று படகுக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. கடைசிப் படகையும் இழுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டீயைக் கொடுத்தேன், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குளிரா என்று கேட்டேன்.

"குளிரில்ல. அவன் நல்லாத்தான் நிறுத்துறான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒவ்வொரு படகுக்கும் உயிர் போயிப் போயி வருது உஸ்தாத்."

டீயைக் கீழே வைத்துவிட்டுப் பீர்தாத் இருந்த பக்கம் பார்த்தார்.

"இத்தனை வருஷமா அவன் அங்கதான் நின்னிருக்கான். நான் முன்னால உக்காந்து ரேடியோவுல பாட்டு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."