மேற்கு வெயிலுக்கு முகம் காட்டாத பொம்மைகள்

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, குப்பைமேட்டைக் காக்கும் நெவில் ட்ரூரி வேலியோரம் போகிறார். அங்கே கம்பியில் வரிசையாகக் கட்டியிருக்கும் பொம்மைகளின் தலைகளை ஒவ்வொன்றாகக் கிழக்கே திருப்புகிறார். முடிவெட்டுகிறவர் அடம்பிடிக்கும் பிள்ளையின் தலையை இரண்டு விரலால் நகர்த்துவாரே, அந்தப் பதம். மேற்கு வெயில் நேராக அடித்தால் பிளாஸ்டிக் முகம் ஒரே கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். காலையில் கேட்டைத் திறந்ததும் மறுபடி எல்லாவற்றையும் மேற்கே திருப்பிவிடுவார். நடுவில் தேநீர், ஈ விரட்டல், வருகிற வண்டிக்குக் கை காட்டுதல்.

மல்கா கிரீக் குப்பைமேட்டின் பேய்க்கதை முழுவதும் இந்த வேலையிலிருந்து முளைத்ததுதான். கேரவன் வண்டிகளில் ஊர்சுற்ற வருகிறவர்கள் காலையில் ஒரு படம் எடுப்பார்கள். சாயங்காலம் திரும்புகிற வழியில் பார்த்தால் அத்தனை தலையும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அது போதாதா? பிரிஸ்பேனிலிருந்து ஒரு பையன் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து நெவிலைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, இதுங்க தானா திரும்புதாமே?"

"நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்ப நானும் பாக்கலப்பா. வண்டிய நகத்து, பின்னால ஆளு நிக்குது."

எங்கள் ஊர் ஜனங்கள் எதை வேண்டுமானாலும் குழியில் வீசுவார்கள். கல்யாணப் படம், செத்துப்போன அப்பாவின் பல்செட், நன்றாக ஓடுகிற மின்விசிறி, எதற்கும் கை கூசாது. பொம்மைக்கு மட்டும் கூசும். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நெவிலின் கொட்டகைப் படியில், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்துவிட்டு, "பாத்துக்க நெவில்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவார்கள். ராத்திரியில் அழுதது, நாற்காலி மாறி உட்கார்ந்திருந்தது, நாய் அதைக் கண்டால் குரைக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. நெவில் எதையும் கேட்டுக்கொள்வதில்லை.

"பேயாவது பூதமாவது. கழுத்துல ஒரு ரப்பர் வாரு, கண்ணுக்குப் பின்னால ஒரு ஈயக்கட்டி. அவ்வளவுதான் சங்கதி" என்பார்.

"அப்ப தூக்கிக் குழியில போடவேண்டியதுதானே?" என்று, குப்பையைக் குழிக்குள் தள்ளும் லோடர் வண்டியை ஓட்டுகிற டேரன் சீண்டுவான். பெரிய பீப்பாய் உடம்பு, வாய் ஓயாது.

"போடலாம்."

"போடுங்க பாப்போம்."

"இன்னிக்கு நேரமில்ல."

இப்படியே பல வருஷம் நேரமில்லாமல் போய்விட்டது. வேலி நீண்டுகொண்டே போகிறது.

நெவில் ஆள் ஒல்லி. தொப்பியின் விளிம்பை ஏதோ ஒரு கன்றுக்குட்டி எப்போதோ கடித்தது, அப்படியே போட்டுக்கொள்கிறார். அப்பா வழியில் ட்ரூரிகள் எல்லோரும் ஆட்டுரோமம் கத்தரிக்கிறவர்கள், பேச்சு அதிகம். நெவில் அம்மாவைக் கொண்டு பிறந்தவர். அந்த அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான் பழைய பாலத்தடியில் வீடு வைத்திருந்த ஹென்னிங். ஹென்னிங்குக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் எல்வா. இளையவள் டாட்டியை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்று. ஊரே திரண்டு கரையோரம் முழுக்கத் தேடியது, பிள்ளை கிடைக்கவில்லை. அவள் கையில் இருந்த பொம்மை மட்டும் ஆட்டு வேலிக் கம்பியில் மாட்டியிருந்தது.

உடம்பு கிடைக்காததால் டாட்டிக்கு அடக்கமும் இல்லை, கல்லும் இல்லை. பொம்மையின் ஒரு கண்ணில் சேறு ஏறி அது மூடாமலே நின்றுவிட்டது. படுக்கவைத்தால் வலது கண் தூங்கும், இடது கண் கூரையைப் பார்க்கும். பிள்ளை வருகிறவரைக்கும் அது தூங்காது என்று ஊர் சொல்லிற்று. அது இருக்கிற அறையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்பதாகவும் சொல்லிற்று. நெவில் இளவட்டமாக இருந்தபோது, ஒரு நிமிஷத்தில் சரிசெய்து தருகிறேன் என்று அந்தக் கண்ணைத் தொடப் போனார். எல்வாவின் அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். "அவ பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்றாள். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை.

போன வியாழக்கிழமை எல்வா காரை ஓட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்கு வந்தாள். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. டூவூம்பாவில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடப் போகிறாள். பாலத்தடி வீட்டை விற்றாயிற்று, மறுநாள் சாவி கொடுக்கவேண்டும். டாட்டியின் பொம்மை மடியில் இருந்தது.

"மருமக ஒத்துக்கலடா. சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு அது வேணாம்னு கையெடுத்துக் கும்பிடாத குறை. அவள குத்தம் சொல்ல முடியுமா?"

"இங்க வச்சிட்டுப் போக்கா. வேலில நெறைய இடம் கெடக்கு."

"போறவன் வர்றவன்லாம் படம் புடிக்கவா? என் தங்கச்சிய?" என்று சீறினாள் எல்வா. பிறகு குரல் இறங்கிற்று. "அவளுக்கு ஒரு குழி வேணும் நெவில். இவதான் மிச்சம். இத முடிக்காம நான் ஊரவிட்டுப் போனா, அங்க ஒரு ராத்திரி கூட எனக்குத் தூக்கம் வராது."

டேரன் லோடரின் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "ஒரே தள்ளு தள்ளி மூடிடட்டுமாண்ணே?"

"நீ எறங்கி வா. மம்பட்டிய எடுத்துட்டு வா. வாய அங்கயே வச்சிட்டு வா."

குப்பைக் குழியிலிருந்து தள்ளி, யாரும் எதுவும் கொட்டாத மூலையில் ஒரு கூலிபா மரம் நிற்கிறது. அதன் நிழலில் இரண்டு பேருமாகத் தோண்டினார்கள். சிவப்பு மண், மேலே ஓடுபோல இறுகியிருந்தது, உள்ளே மெத்தென்று இருந்தது. எல்வா காரின் முன்பக்கத்தில் சாய்ந்தபடி, ஆழம் போதாது போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இது பொம்மை" என்றான் டேரன்.

"தோண்டுடா."

இடுப்பளவு வந்ததும் நெவில் குழிக்குள் நின்றபடி கையை நீட்டினார். எல்வா பொம்மையைக் கொடுத்தாள். அவர் அதை மல்லாத்தினார். வலது கண் மூடியது. இடது கண் வானத்தைப் பார்த்தது. டேரன் மம்பட்டிக் காம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"மண்ணக் கண்ணுல போடப்போறியா?" என்று எல்வா கேட்டாள்.

நெவில் பொம்மையோடு குழியிலிருந்து ஏறி, கொட்டகைக்குப் போய், தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய்ப் புட்டியோடு வந்தார். மூடியைத் திறக்கவில்லை. எல்வாவின் எதிரே நின்றார்.

"உங்கம்மா வேணாம்னாங்க."

"அம்மா போய் இருவது வருஷமாச்சு." எல்வா பொம்மையைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தாள். "அறுவத்தஞ்சு வருஷமா பாத்தாச்சுடா. அவ வரல. மூடிடு."

ஒரு சொட்டு. கட்டைவிரலால் இமையை மேலும் கீழுமாக மெல்ல அசைத்தார். பழைய சேறு செம்மண் கண்ணீர்போல ஒரு கோடாக ஒழுகியது. அதைச் சட்டைக் கையால் துடைத்தார். இன்னொரு சொட்டு. உள்ளே ஈயக்கட்டி 'டொக்'கென்று விழுந்தது, இமை இறங்கிற்று. எல்வா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெவில் மறுபடி குழிக்குள் இறங்கி, பொம்மையைக் கிடத்தி, பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார். இடது இமையின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"போடு."

"நீங்க ஏறி வாங்கண்ணே."

"போடுடா."

"அதான் ஈயம் விழுந்துடுச்சே, இனிமே தெறக்காது. எல்லாம் வெறும் ஈயக்கட்டின்னு நீங்கதானே சொல்வீங்க."

நெவில் விரலை எடுக்கவில்லை. டேரன் எல்வாவைப் பார்த்தான். பிறகு மம்பட்டியில் கொஞ்சமாக மண்ணை அள்ளி, கால்மாட்டிலிருந்து சரித்தான். மண் பாவாடையை மூடியது, கைகளை மூடியது, கழுத்துக்கு வந்தது. நெவிலின் விரல்மேல் விழுந்தது, புறங்கையில் விழுந்தது. மணிக்கட்டு மறைந்த பிறகுதான் அவர் கையை மெதுவாக உருவினார்.