நான்கு பேருக்கான அப்சோர்பர்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகும் என் காரை, பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று, உயரம் குறைத்துத் தாழ்த்தி வைத்திருக்கிறேன். சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் பழைய அப்சோர்பரில் எண்ணெய் ஒழுகியதால் புதியது மாட்டப் பட்டறைக்குப் போனேன்.

"பின்னாடி ஆள் உட்காருவாங்களா அண்ணே? அதுக்கேத்த மாதிரிதான் பார்த்து எடுக்கணும்," என்றார் மெக்கானிக்.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். தனியாள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "வீட்டுல நாலு பேரு," என்றேன்.

இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற வகையை எடுத்து, நான்கு பேர் பாரத்துக்கு இறுக்கிக் கொடுத்தார். தனியாக ஓட்டியபோது சின்னப் பள்ளத்துக்கே கார் தூக்கிப் போட்டது. இடுப்புவலி தாங்காமல் திரும்பப் போனேன்.

அவர் பின்கதவைத் திறந்தார். கார் வாங்கிய அன்று இருந்த பிளாஸ்டிக் உறை பின்சீட்டில் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். குனிந்து அப்சோர்பரின் திருகைத் தளர்த்தினார்.

"இப்போ ஒரு ஆளுக்கு வச்சிருக்கேன் அண்ணே. ஆள் சேர்ந்தா வாங்க லா, இறுக்கிடலாம்."

என் பொய் தெரிந்த பிறகும் அவர் என்னைத் தலைகுனிய விடவில்லை. கார் இப்போது அவ்வளவாகக் குலுங்குவதில்லை. இறுக்கச் சொல்லி நான் இன்னும் போகவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எடுத்துவிட்டேன்.