மூன்றாம் நாள் நிறுத்திய ஊசி

அந்தத் தாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த ஒற்றைத் தாள். மழை ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தது. கால்நடை டாக்டரின் விரல் பட்ட இடத்தில் சாணிக்கறை. எங்கள் தீவின் புரோத்ராபூரில், பால்காரக்காவின் மாட்டுக் கொட்டகையில் டாக்டரும் அக்காவும் எதிரெதிரே நிற்க, நடுவில் மருந்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கம்பவுண்டர் நான் நின்றேன். அக்காவின் செவலைப் பசுவுக்கு மடி கல்லாக இறுகிக் கிடந்தது. காம்பைத் தொட்டாலே உதைத்தது. பாலுக்குப் பதிலாகத் தண்ணீரும் திரிந்த கட்டியுமாகத்தான் வந்தது. நான்கு நாளாக நான் போட்ட ஊசி எதுவும் எடுபடவில்லை. ஏன் என்று அந்தத் தாள் சொன்னது. மடியிலிருந்த கிருமி நான் போட்ட மருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. இனி அந்த மருந்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் அது சாகாது.

டாக்டர் மலையாளி, தமிழ் நன்றாகவே வரும். கத்துகிற ஆள் இல்லை. இதற்கு முன் இரண்டு தடவை இதே மாட்டுக்கு மடிநோய் வந்ததே, அப்போது ஐந்து நாள் ஊசியையும் முழுசாகப் போட்டீர்களா, நடுவில் நிறுத்தினீர்களா என்று நிதானமாகக் கேட்டார். கேள்வி எனக்குத்தான். ஆனால் அக்கா முந்திக்கொண்டார்.

"நான்தான் டாக்டரய்யா நிறுத்தினேன். வீக்கம் வத்திருச்சே, போதும்னு மூணாம் நாளே தம்பிய வர வேணாம்னுட்டேன்."

பொய். சுத்தமான பொய். நிறுத்தச் சொன்னது நான்.

ஏன் சொன்னேன் என்பதைத் தீவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு எல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் கப்பல் தள்ளிப்போகும். ஃபீனிக்ஸ் பே துறைமுகப் பக்கம் போய் விசாரித்தால், அடுத்த வாரம் என்பார்கள். அடுத்த வாரமும் அதையே சொல்வார்கள். அதனால் இங்கே யாரும் எதையும் அடிவரை காலி செய்ய மாட்டோம். வெங்காயமானாலும் சரி, சிலிண்டரானாலும் சரி, கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் தூக்கம் வரும். அந்தப் புத்தியை நான் மருந்துக்கும் கொண்டுபோனேன். இரண்டு நாள் ஊசியில் வீக்கம் குறைந்து மாடு அசைபோட ஆரம்பித்தால், "போதும்க்கா, மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வைங்க. கப்பல் வராத நேரத்துக்கு உதவும்" என்பேன். அக்கா அதைக் கறிவேப்பிலை டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைப்பார். பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் அதிலிருந்தே கொஞ்சம் எடுத்துப் போடுவேன். ஊரே என்னை மெச்சியது. கம்பவுண்டர் இருக்கிறவரை கவலை இல்லை என்றார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்து போயிருந்தது. அரைகுறையாக அடி வாங்கிய கிருமி, வலுத்துக்கொண்டு திரும்பி வரும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். ஆனால் படிப்பு ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்றுதான் இருந்தேன்.

டாக்டர் வேறு மருந்து எழுதினார். தேடிப்பிடித்து வாங்கி வருவதற்குள் விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டது. எட்டாம் நாள் செவலை செத்தது. அக்கா சத்தம் போட்டு அழவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்க்க வராமல் முடிச்சோடு மல்லாடிக்கொண்டே இருந்தார். நான் போய் அவிழ்த்துவிட்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தாலாவது மனுஷன் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வருஷம் இந்த மருந்து விஷயத்தைப் பற்றி மாடு வளர்ப்பவர்களுக்குக் கூட்டம் போட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் கூட்டத்தில் நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. பின்வரிசையில் கொட்டாவி. சட்டென்று வாயில் வந்தது: "புரோத்ராபூரில் ஒரு பால்காரம்மா இருந்தார். ஊசியைப் பாதியில் நிறுத்தினார். மாடு என்ன ஆயிற்று தெரியுமா?" கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன் அந்தக் கதையை. போகிற இடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லக் கைகால் முளைத்தது. என் பங்கு மட்டும் அதில் எப்போதும் வரவில்லை. பெயரைச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அட மடையா, புரோத்ராபூரில் மாடு செத்த பால்காரம்மா எத்தனை பேர்?

பேச்சு பத்துபஸ்திக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா தினமும் காலையில் தூக்குக் கேனோடு பஸ் ஏறிப் போய்ப் பால் ஊற்றுகிற வீடுகள் அங்கேதான் இருந்தன. மருந்தைக் கண்டபடி போடுகிறவர், அவர் பாலில் ஊசி மருந்து இறங்கியிருக்கும் என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீடாக, "நாளையிலிருந்து வேணாம்மா" என்றார்கள். எனக்கு இது தெரியும். என் மனைவியே வந்து சொன்னாள். தெரிந்தும் அக்கா வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனேன். எதிரே தூக்குக் கேன் வந்தால் ஸ்கூட்டரைத் திருப்பிவிடுவேன். ராத்திரி சாப்பாடு இறங்காது. காரணம் கேட்டால் எரிந்து விழுவேன்.

போன மாதம் அக்காவே கால்நடை மருந்தகத்துக்கு வந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"தம்பி, வெள்ளச்சிக்கு நோய் நொடி இல்லன்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடு. மாயாபந்தர்லேர்ந்து ஒரு பெங்காலி கேக்குறாரு. தள்ளி விட்டுரலாம்னு இருக்கேன்."

வெள்ளச்சி அவரிடம் மிச்சமிருந்த ஒரே பசு. நல்ல கறவை.

"ஏன்க்கா, நல்லாத்தானே கறக்குது?"

"கறக்குது. குடிக்கத்தான் ஆளில்ல. ஊசிப் பால்காரின்னு பேராயிருச்சுல்ல."

இத்தனை வருஷம் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். அன்றைக்கு டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

"உனக்கு அப்ப வேலை நிரந்தரம் ஆகல. வீட்டுல வேற உன் பொண்டாட்டி மாசமா இருந்தா. மாடு எப்படியும் போயிரும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கூட உன் பொழப்பும் போகணுமா?" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "டாக்டர்கிட்ட ஒருதடவ சொன்னேன். சரி. அத ஊரெல்லாம் போய்ச் சொல்லச் சொன்னேனா நான்?"

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. விலை விசாரிக்கிற குரலில் கேட்டார். சர்டிபிகேட் எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தேன். வியாழக்கிழமை புரோத்ராபூர் சமுதாயக் கூடத்தில் கூட்டம் இருக்கிறது, அதுவரை மாட்டைக் கொடுக்காதீர்கள் என்றேன். அக்கா நம்பினாரா இல்லையா, தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழன் வரை ஒரே வாக்கியத்தை ஸ்கூட்டரில் போகும்போதும் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். இந்தியில்தான். எங்கள் கூட்டங்கள் எல்லாம் இந்தியில்தான் நடக்கும். பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வேறு எதில் பேசுவது? இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவன் நான். காய்கறிக்காரரிடம் சண்டை போடுவதுகூட இந்தியில்தான்.

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் டாக்டர். கதவோரத்தில், உட்காராமல், சுவரில் சாய்ந்தபடி அக்கா. பேச்சில் அந்தக் கதை வரும் வழக்கமான இடத்துக்கு வந்தேன். "புரோத்ராபூரில் ஒரு பால்காரம்மா," என்று இந்தியில் தொடங்கினேன். பலர் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனியவில்லை. நாலு நாள் உருப்போட்ட வாக்கியம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அவங்க நிறுத்தல. நிறுத்தச் சொன்னது நான்தான். தப்பு என்னோடது," என்றேன். தமிழில்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "க்யா போலா?" என்ன சொன்னான் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார் ஒரு பெங்காலிப் பெரியவர். அவர் உதட்டைப் பிதுக்கினார். இதோடு தப்பித்துவிடலாம் என்று என் கேடுகெட்ட மனசு ஒரு நொடி நினைத்தது. சொன்ன மாதிரியும் ஆயிற்று, யாருக்கும் புரியாத மாதிரியும் ஆயிற்று. கையிலிருந்த தாளைப் புரட்டி அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தேன்.

கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"இந்தியில சொல்லு தம்பி. என்கிட்ட பால் வாங்குனவங்களுக்குத் தமிழ் தெரியாது."

இந்தியில் சொன்னேன்.