றேணுகாவின் பட்டன்

மேபலுக்குப் பொறாமை வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையில் அவள் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்வீட்டுக்காரி புதுத் திரைச்சீலை போட்டாலும் வரும். கோவில் பாடகர் குழுவில் இன்னொருத்திக்குத் தனிப்பாட்டுக் கொடுத்தாலும் வரும். வந்ததை மறைத்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். மூக்கு நுனி சிவந்து போயிருப்பதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். இதை மட்டும் வைத்து அவளைக் கெட்டவள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சிக் கேத்தலோடு படியேறுகிறவளும் அவள்தான். அடுத்தவர் படுத்துக் கிடந்தால் அவளுக்கு அன்பு பொங்கும், எழுந்து நடந்தால்தான் சங்கடம்.

இருபத்துமூன்று வருடமாக அவள் வெள்ளவத்தையில் ஸவாஹிரிடம் வேலை பார்க்கிறாள். அவர் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர். காலி வீதியில் புடவைக்கடை ஒன்றுக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். வெளிநாடு போகிற சனம் பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம் என்று கொண்டுவந்து நீட்டும். மேபல் அவற்றை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பாள், அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். மற்றவர்கள் அடித்ததை வரிவரியாகப் பார்க்கிற மனுசன், மேபல் அடித்ததை மட்டும் பார்க்கமாட்டார். நேரே கடைசிப் பக்கம், நேரே கையெழுத்து. மேபலுக்குப் பட்டம், பதவி, மாலை, மரியாதை எல்லாம் அந்தக் கையெழுத்துத்தான். துறைமுகத்தில் கிளாக்காக இருந்த கணவன் எட்வேட் கண்ணை மூடி, ஒரே மகன் ஜொனாதன் டோஹாவுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற டெலிபோன் கோலும் மாதம் ஒன்றாகக் குறைந்த பிறகு, அவளுக்கு மிச்சமாக இருந்ததும் அதுதான்.

அந்த இடத்தில்தான் றேணுகா வந்து சேர்ந்தாள். மேபலைவிட நாலைந்து வயது இளையவள், வெள்ளவத்தையிலேயே வீடு. ஆறு வருடமாகப் பக்கத்து மேசையில் இருக்கிறாள். வேகம் கொஞ்சம் குறைவு, சிரிப்புக் கொஞ்சம் கூட. அதுவரை மேபலால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. போன வருடம் றேணுகாவின் மகன் அனுஜன், மெல்பேர்னில் கணினி படிக்கிறவன், அம்மா கை வலிக்கிறது என்று சொன்னதற்காக வேர்டுக்குள் வைக்கிற ஒரு சின்னச் செருகல் செய்து கொடுத்தான். வேர்டைத் திறந்தால் மேல்வரிசையில் ஒரு புதுப் பட்டன். அதை அமத்தினால் பிறப்புப் பத்திரத்தில் விபரம் நிரப்புகிற கூடுகள் எல்லாம் வெறுமையாக வந்து நிற்கும், கீழே உறுதிமொழியும் திகதியும் தானாக விழும். பெயரையும் விபரத்தையும் போட்டால் போதும்.

ஸவாஹிர் அதைப் பார்த்துக் குழந்தை மாதிரிக் கைதட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், “இது றேணுகாட பட்டன்” என்று காட்டினார். மேபலுக்கு வயிறு எரிந்தது. பட்டனுக்காக மட்டுமா எரிந்தது? ஒரு மகன், அம்மாவின் கை வலிக்கிறது என்று இருந்து யோசித்து ஒன்றைச் செய்திருக்கிறான். அது அவளை உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. மேபலின் கணினியிலும் அந்தப் பட்டனைப் போட்டுத் தரவா என்று றேணுகா கேட்டபோது, “எனக்குக் கை இருக்கு” என்று சொல்லிவிட்டாள்.

இந்த வருடம் ஸவாஹிர் பம்பலப்பிட்டியில் இரண்டாவது அலுவலகம் எடுத்தார். பழைய கணினிகளைக் கழித்துவிட்டு இரண்டு இடத்துக்கும் புதிதாக இறக்கினார். ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு பேரையும் கூப்பிட்டுவைத்துச் சொன்னார்.

“ரெண்டு பேர்ல ஒராள் அங்க போய்ப் பொறுப்பா ஈக்கோணும். வெள்ளிக்கெழம சொல்றன். சாவியும் அண்டைக்கே தாறன்.”

மேபலுக்கு அந்தச் சாவி வேண்டும். இருபத்துமூன்று வருடத்தில் அவள் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை, இதையும் கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு கை போடாமல் இருந்தாள். பட்டன் வைத்திருக்கிறவளுக்குத்தான் சாவியும் போகும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து றேணுகாவின் குரல் வந்தது.

“ஐயோ, இதென்ன சிவப்பா ஒரு கோடு வருது!”

புதுக் கணினிக்காக அனுஜனிடம் சொல்லிச் செருகலை ஈமெயிலில் திரும்ப எடுப்பித்திருந்தாள். அதை இறக்கி, இருக்கவேண்டிய இடத்தில் போட்டு, வேர்டைத் திறந்தால் பட்டன் வேலை செய்யவில்லை. இந்தக் கோப்பு நம்பிக்கையான இடத்திலிருந்து வரவில்லை, அதனால் தடுத்துவிட்டோம் என்று திரையின் குறுக்கே சிவப்புப் பட்டி ஒன்று நின்றது. அனுஜன் மெல்பேர்னில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பாதுகாப்பு அமைப்புக்குள் போய் பட்டனை ஓட்டுகிற மெக்ரோ எல்லாவற்றையும் அனுமதிக்கச் சொல்லி ஒரு வரி அனுப்பினான். றேணுகா அதைச் செய்தாள். கணினியை நிற்பாட்டிப் போட்டாள். சிவப்புப் பட்டி அசையவில்லை. சனிக்கிழமை சோதனை முடியட்டும், பார்க்கிறேன் என்றான் மகன்.

மேபல் தலையைத் திருப்பவில்லை. ஆனால் அந்தச் சிவப்புப் பட்டியை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன தவக்காலத்தில், அவள் உதவிக்குப் போகிற கோவில் பங்கு அலுவலகத்துக்கு வேறொரு பங்கிலிருந்து கல்யாண அறிவித்தல் படிவம் ஒன்று ஈமெயிலில் வந்தபோது, இதே பட்டி வந்து வழிமறித்தது. கோவில் கணினிகளையும் ஸவாஹிரின் கணினிகளையும் பார்க்கிற ஷிஹான்தான் அன்று அவளுக்கு வழி காட்டினான். வெளியிலிருந்து இறக்கிய கோப்புக்கு விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு அடையாளம் போட்டுவிடும். அது இருக்கிறவரை வேர்டுக்குள் என்ன அமைப்பை மாற்றினாலும் பிரயோசனமில்லை. வேர்டை மூடிவிட்டு, கோப்பின் மேல் வலது கிளிக், புரொப்பர்டீஸ், அடியில் ‘அன்புளொக்’ என்று ஒரு சின்னக் கட்டம், அதில் சரி போட்டு ஓகே. அரை நிமிட வேலை. மேபல் அதைக் கொப்பியில் எழுதியே வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் றேணுகா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

“மேபல் அக்கா, ஷிஹான் மக்காவுக்கு உம்றா போயிட்டானாம். உங்களுக்கு இதைப் பற்றி ஏதும் தெரியுமா?”

“எனக்கென்னம்மா தெரியும்? நான் பட்டன் இல்லாத ஆள்தானே.”

றேணுகா கதிரையைப் பின்னுக்கு இழுத்தாள். “சரி அக்கா,” என்று எழுந்து போனாள். தெரியாது என்று நான் சொல்லவில்லையே, கேள்விதானே கேட்டேன் என்று மேபல் தனக்குள் நியாயம் பேசிக்கொண்டாள். குருவானவர் காது கொடுக்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அந்த நியாயம் செல்லாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது, சாவிக்கு மூன்று நாள்தான்.

அதற்குப் பிறகு மேபலைப் பிடிக்க முடியவில்லை. புதன்கிழமை பதினேழு பத்திரம் அடித்தாள். றேணுகா ஒவ்வொரு கூடாகக் கோடு போட்டு ஒன்பதோடு களைத்துப் போனாள். ஸவாஹிர் இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று பார்த்தார். அவர் பார்த்ததே போதும், மேபல் மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

வியாழக்கிழமை ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத் தூதரகத்தில் நேர்முகம், கையில் பதினொரு பத்திரம். யார் செய்வது என்று ஸவாஹிர் கேட்கமுதலே மேபல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இந்தத் தொழிலில் வேகமாக அடிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. வெறும் தாளில் தொடங்கமாட்டார்கள். பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, புதுப் பெயரில் சேமித்து, பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றிக்கொண்டு போவார்கள். மேபல் அப்படித்தான் இருபத்துமூன்று வருடம் அடித்தாள், ஒருநாளும் பிசகியதில்லை. அன்று அவள் கண் பத்திரத்தில் பாதி, றேணுகாவின் மேசையில் பாதி இருந்தது. மூன்று மணிக்குள் பதினொன்றும் முடிந்தது. ஸவாஹிர் வழக்கம்போல் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பேனாவைத் திறந்தார்.

“சேர், ஒரு நிமிசம். ஸ்டேப்ளர் அடிச்சிட்டுத் தாறன்,” என்று றேணுகா பத்திரக் கட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து ஒரு தாளை மட்டும் மேபலின் மேசையில், கவிழ்த்து வைத்தாள். மேபல் நிமிர்த்திப் பார்த்தாள். மூத்த பெண்ணின் பிறப்புப் பத்திரம். பெற்றோர் விவாகமானவர்களா என்ற கூட்டைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய வட்டம். உள்ளே ‘இல்லை’ என்று இருந்தது. யாரோ ஒருவருடைய பழைய பத்திரத்தில் இருந்த பதில், மாற்றுப்படாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் தாயும் தகப்பனும் எதிரில் கிடந்த நீள வாங்கில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, மாங்காய்த் துண்டைப் பகிர்ந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

மேபல் திருத்தி, புதிதாக அச்செடுத்து, றேணுகாவிடம் நீட்டினாள். றேணுகா அதைக் கட்டுக்குள் வைத்து ஸவாஹிருக்கு முன்னால் வைத்தாள். அவர் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். றேணுகா வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், சாவி அவளுக்குப் போயிருக்கும். அந்தப் பட்டனை அமத்தி அடித்திருந்தால் கூடு வெறுமையாகத்தான் வந்திருக்கும், இந்தப் பிழையே வந்திராது. அதுவும் மேபலுக்குத் தெரிந்தது. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழையாக வேண்டும் என்பார்கள். இங்கே அறுந்த மூக்கை எதிரியே ஒட்டிவைத்துவிட்டுப் போய் இருக்கிறாள்.

இவ்வளவுக்குப் பிறகும் அன்று மேபல் வழியைச் சொல்லவில்லை. நாளைக்குச் சாவி, நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடித்து வந்த ஸவாஹிர், தொப்பியைக் கழற்றாமலே மேசை லாச்சியைத் திறந்தார்.

“மேபல் மிஸ், இந்தக் கெழம மெஷின் காலை வாரி உட்டிச்சி. உங்கட கைதான் ஆபிஸக் காப்பாத்தினது. பட்டன் இண்டைக்கு ஈக்கும், நாளைக்கு இல்லாமப் போகும். பம்பலப்பிட்டிய நீங்களே பாருங்கோ.”

சாவி மேபலின் உள்ளங்கையில் விழுந்தது. “சந்தோசம் அக்கா,” என்று றேணுகா எழுந்து வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். பொய்க்குப் பிடித்த கை இல்லை அது.

ஸவாஹிர் கீழே தேத்தண்ணிக்கு இறங்கியதும் மேபல் எழுந்து போய் றேணுகாவின் கதிரையில் தானே உட்கார்ந்தாள். வேர்டை மூடினாள். கோப்பைத் தேடி வலது கிளிக் பண்ணினாள். புரொப்பர்டீஸ். கட்டத்தில் சரி. ஓகே. வேர்டைத் திறந்தபோது சிவப்புப் பட்டி இல்லை, பட்டன் மேல்வரிசையில் ஒழுங்காக நின்றது. அமத்தினாள். வெறுமையான கூடுகள் வரிசையாக வந்து விழுந்தன.

“இதுதான்,” என்றாள். “எனக்கு இது முதல்லயே தெரியும்.”

“ஓம் அக்கா. எனக்கும் தெரியும்.”

மேபல் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு வழி தெரியாது. உங்களுக்குத் தெரியுமெண்டது தெரியும். ஷிஹான் செவ்வாய்க்கிழமை மக்காவில இருந்து வொய்ஸ் மெசேஜ் போட்டவன். மேபல் மிஸ்ஸிட்ட கேளுங்க, கோவில்ல அவவுக்குக் காட்டிக்குடுத்தனான் எண்டு. அதைக் கேட்டிட்டுத்தான் உங்களிட்ட வந்தனான். பிறகு அவனைப் பிடிக்க ஏலேல்ல.”

“அப்ப ஏன் சேரிட்டச் சொல்லேல்ல?”

“சொன்னா உங்கட இருபத்துமூண்டு வருசமும் ஒரு நாளில போயிருக்கும். எனக்கும் சாவி வேணும்தான், ஏன் பொய் சொல்லுவான்? ஆனா அப்பிடி வேண்டாம்.”

“இப்ப நான் போய்ச் சொல்லுறன்.”

“சொல்லாதீங்கோ. நான் அழுது உங்களைச் சொல்ல வைச்சதெண்டுதான் சேர் நினைப்பார். எனக்கு அது வெக்கம்.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, தன் கதிரையை மேபல் விட்டுத் தருவதற்காகப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபமும் இல்லை, பெரிய மனுசித்தனமும் இல்லை. மேபல் எழுந்தாள். ஆசைப்பட்ட சாவி கையில் இருந்தது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. றேணுகா உட்கார்ந்து அடுத்த பத்திரத்தை எடுத்து, எதுவுமே நடவாதது போலப் பெயரை அடிக்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற மேபலுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கூடவே அந்தப் பழைய எரிச்சலும் வந்தது, முன்னைவிட இரண்டு மடங்காக. இப்படி ஒருத்தியாக இருக்கத் தனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று அவள் பொறாமைப்பட்டாள்.