மிதவையில் எடுத்த இரண்டு படங்கள்

ஒரு மனிதனின் முகம் எது? அவன் காட்ட நினைப்பதா, அவன் கவனிக்காதபோது மற்றவர் கண்ணில் படுவதா? இஸ்மெல்தா அர்சூவின் பிழைப்பே இந்தக் கேள்வியின் மேல்தான் நடந்தது.

எங்கள் உல்லாசக் கப்பலின் புகைப்படக்காரி அவள். கரீபியக் கடலின் ரோவத்தான் தீவில், எங்கள் கரிஃபுனா சனங்கள் நிறைந்த புந்தா கோர்தாவில் பிறந்தவள். கப்பல் நிற்கும் ஊரிலெல்லாம் இறங்குபடியின் அடியில் நின்றுகொண்டு, தோளில் மரக்கிளி வைத்த பயணிகளைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுப்பாள். சொன்னால் வரும் அந்தச் சிரிப்பு அவளுக்குச் சலித்துப் போயிருந்தது. அவளைப் பெரிய கலைஞர் என்று கப்பலில் சிலர் சொன்னார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கண் நல்ல கண்.

அந்த நவம்பரில் தலைமை அலுவலகம் ஒவ்வொரு கப்பலிடமும் ஒரே ஒரு படம் கேட்டது. பராமரிப்பு வேலை செய்யும் மாலுமிகளின் படம். வேலை நடக்கும்போது எடுத்ததாக இருக்க வேண்டும், வரிசையாக நிற்கவைத்து எடுத்தது வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்லியிருந்தார்கள். அனுப்பும் அந்த ஒரு படத்தையே சட்டம் போட்டு, அதில் இருக்கும் மாலுமிகளின் வீடுகளுக்கும் அனுப்பிவைப்பார்களாம். யார் படம் தேறுகிறதோ அவர் இறங்குபடியையும் மரக்கிளியையும் விட்டுவிட்டுக் கப்பல் கப்பலாகப் போய் உழைப்பவர்களை மட்டும் படம் எடுக்கலாம். இஸ்மெல்தா வருஷக்கணக்காகக் கேட்டுக் கிடைக்காத வேலை அது. படம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாளில் கப்பல் ரோவத்தானில் நின்றது.

பயணிகள் கடற்கரைக்குப் போனதும், பராமரிப்பு மாலுமிகளான நாங்கள் கப்பலின் முகப்புக்குக் கீழே, நின்று வேலை செய்யும் மிதவையை இறக்கினோம். நங்கூரத்தைச் சுற்றிப் பூத்திருந்த துருவைச் சுரண்டி வெள்ளை அடிக்க வேண்டும். வழக்கமான வேலைதான். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கயிற்றேணியில் இறங்கி வந்த இஸ்மெல்தா கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

“அடப்பாவிங்களா! இங்க யாருக்குடா கல்யாணம்?”

நாங்கள் எல்லோரும் மடிப்புக் கலையாத புது நீல உடுப்பில் நின்றோம். சவரம் செய்திருந்தோம். எங்களில் இளையவன் கசிமிரோ வாசனைத் தைலம் வேறு பூசியிருந்தான்.

“படம்னு சொன்னீங்களே அக்கா” என்றான் அவன், காலரை இழுத்துவிட்டபடி.

“வேலை செய்யிற படம்டா!”

“செய்வோம், செய்வோம். அழுக்காகுறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துடுங்க.”

சாரங்கு ஃபிலெமோன் எங்கள் தலைவர். மீசைக்கு எண்ணெய் தடவியிருந்தார். “ஏம்மா, இது எங்கப்பன் படத்துக்குப் பக்கத்துல தொங்கப் போவுது. துரு சுரண்டுற கோலத்துலயா நான் அங்க தொங்கணும்?”

அவர் சொன்னதில் தப்பில்லை. கப்பலிலிருந்து ஊருக்குப் போகும் படம் வீட்டின் முன்சுவருக்குத்தான் போகும். அங்கே இறந்த பெரியவர்களும் புனிதர்களும் இருப்பார்கள். அந்தச் சுவரில் யாரும் வேலை உடுப்போடு நிற்பதில்லை.

“சரி, ஒண்ணே ஒண்ணு. நில்லுங்க. சாரங்கண்ணே, மூச்சு விடலாம், தப்பில்ல.”

தோளோடு தோள் சேர்த்து நின்றோம். எடுத்தாள்.

பிறகு வேலை தொடங்கியது, அதை வேலை என்று சொல்ல முடியுமானால். ஒருவன் உடம்பை ஒதுக்கிக்கொண்டு தூரிகையைப் பல்குச்சிபோல் பிடித்திருந்தான். இன்னொருவன் சுரண்டிய துரு மேலே விழாமல் துள்ளிக்கொண்டிருந்தான். இஸ்மெல்தா தலையில் அடித்துக்கொண்டாள். “பூனை தண்ணியில கால் வெச்ச மாதிரி செய்யிறீங்களேடா!”

பெரிய தப்பு வேறிடத்தில் நடந்திருந்தது. மிதவையின் முன்கயிற்றைக் கட்டியவன் கசிமிரோ. அது மசகு படிந்த கயிறு. கை அழுக்காகக் கூடாது என்று இரண்டு விரலால் முடிந்திருந்தான்.

வடக்குக் காற்று திடீரென்று மலையைத் தாண்டி இறங்கியது. முடிச்சு நழுவ, மிதவையின் முன்பக்கம் கப்பலை விட்டு வீசித் திரும்பியது. கசிமிரோவின் சாயம் பூசும் நீளக்கழி உருளை இன்னும் கப்பல்மேல்தான் ஒட்டியிருந்தது. மிதவை சுழலச் சுழல, அது கப்பலின் சிவப்புப் பட்டையில் வில் போல ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டே போனது.

“விடுடா கழிய!”

“விட்டா விழுந்துடுவேன் சாரங்கே!”

“விழுடா! குளிச்சமாதிரி இருக்கும்! கயிறு, கயிறு! எல்லாரும் புடிங்க!”

வெள்ளைச் சாய வாளி கவிழ்ந்தது. சாரங்கு வயிற்றால் வழுக்கிப்போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்தார். அவர் இடுப்பை ஒருவன் பிடிக்க, அவனை நான் பிடிக்க, மற்றவர்கள் எங்கள்மேல் விழுந்து இழுத்தார்கள். கசிமிரோ கழியை விட்டுவிட்டு எங்களோடு விழுந்தான். மழை சாட்டையாய் அடித்தது. பயமும் சிரிப்பும் ஒன்றாய்க் கிளம்ப, எங்கள் சனத்தின் பழைய வலை இழுக்கும் பாட்டை யாரோ ஒருவன் கத்தினான். எல்லோரும் கத்தினோம். மிதவை மெல்ல மெல்ல மசிந்து வந்தது. ஒரு கையால் ஏணியைப் பற்றிக்கொண்டு இஸ்மெல்தாவும் கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய மறுகை விரல் கேமராவை விட்டு எடுபடவே இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு அறையில், தேங்காய்ப்பால் மீன் குழம்புக்கும் இடித்த வாழைக்காய்க்கும் நடுவே படத்தைக் காட்டினாள். ஒரே கயிற்றில் சாய்ந்த உடல்கள், தெறித்து நிற்கும் வெள்ளைச் சாயம், வாய் பிளந்த சாரங்கு, அவர் முதுகின் மேல் தலைகீழாகச் சிரிக்கும் கசிமிரோ. நான் சட்டென்று எதையும் புகழ்கிறவன் அல்ல. அந்தப் படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

“பேய் மாதிரி இருக்கேன்” என்றார் சாரங்கு. படத்தை மறுபடி தன் பக்கம் திருப்பிப் பார்த்து, “இதையே அனுப்பும்மா” என்றார்.

“எங்கம்மா பாத்தா வெளக்குமாத்தால அடிப்பா” என்றான் கசிமிரோ. “அனுப்புங்கக்கா! வேலை உங்களுக்குத்தான்!”

மேசையைத் தட்டினோம். சுவரில் மாட்டும் படத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இஸ்மெல்தா முகம் மலரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாலையில் அவளுடைய அறைக்கு நானும் கூடப் போனேன். கப்பல் புறப்படும் ஊதல் ஒலித்தது. கணினியில் கயிற்றுப் படத்தைத் திறந்து, ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். கசிமிரோவின் முகத்தில் மறுபடி சிரித்தாள். பிறகு அதை மூடினாள். புது நீல உடுப்பில் நாங்கள் தோளோடு தோள் நின்ற படத்தை இணைத்து, எங்கள் பெயர்களை முழுதாகக் கீழே அடித்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள்.