கோணல் ஓரக்கோடு

என் நாட்குறிப்பு நோட்டுகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடப்புறம் சிவப்பு மையில் ஓரக்கோடு உண்டு. ஸ்கேல் வைத்து நானே போடுவது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அந்தக் கோடு மேலே சரியாகத் தொடங்கி, நடுவில் வழுக்கி, கீழே இரண்டு விரற்கடை தள்ளிப் போய் முடிகிறது. அதைப் போட்டவர் மேஸ்திரியம்மா. கொச்சி மட்டாஞ்சேரியில் நான் சரக்குப் பதிவேடு எழுதிய கிடங்கில், மிளகு புடைக்கும் பெண்களுக்கு அவர்தான் மேஸ்திரி. மூட்டைகளை நான் வரிசையாக அடுக்கச் சொன்னால், அவர் தன் கைக்கு எட்டுகிறபடி அடுக்குவார். இருபது வருடம் அந்தச் சண்டை நடந்தது.

பக்கவாதம் வந்தபின் என்னால் நடக்க முடிந்தது, பேச முடிந்தது. வலது கை மட்டும் திரும்பவில்லை. ஒரு நாளும் விடாமல் நாட்குறிப்பு எழுதியவனுக்கு மீதியெல்லாம் திரும்பி வந்ததில் பெரிய நிறைவில்லை. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் செல்போனில் ஒரு படம் காட்டுவாள். ஒரு கை கோப்பையைத் தூக்கும், வைக்கும். ஒருவர் செய்வதைப் பார்க்கும்போது, அதே செயலுக்கு நம் மூளையும் உள்ளே தயாராகிறது என்றாள். ஆறு வாரம் பார்த்தேன். யாருடையதென்று தெரியாத கை யாருடையதென்று தெரியாத கோப்பையைத் தூக்கியது. என் கை மடியில் கிடந்தது. மனைவி பிரிட்ஜின் கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள்: "கோபப்படக் கூடாது." வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். டிவியில் செய்தியையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் மேஸ்திரியம்மா பார்க்க வந்தார். மேசையிலிருந்த நோட்டைப் புரட்டினார்.

"இதெந்தா சாரே, ஆறு வாரமா வெறும் காயிதம்? சொல்லுங்க, நான் எழுதறேன்."

"முதல்ல ஓரக்கோடு போடணும்" என்றேன்.

பேனாவைக் கரண்டி மாதிரிப் பிடித்தார். ஸ்கேலின் மேல்முனையில் மட்டும் விரலை வைத்தார். கீழ்முனை நகரப் போவது எனக்குத் தெரிந்தது.

"கீழேயும் அழுத்திப் பிடிங்க."

"எனக்குத் தெரியும்."

பிடிக்கவில்லை. கோடு வழுக்கியது. அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. அதே நொடியில், மடியில் கிடந்த என் ஆள்காட்டி விரல் வேட்டியை அழுத்தியது, ஸ்கேலை அழுத்துவது போலவே.

அவர் அதைப் பார்த்துவிட்டார். மனைவி ஓடி வந்து, "அவரைக் கோபப்படுத்தாதீங்க, பிரஷர் ஏறும்" என்றாள்.

"ஏறினா இறங்கும் சேச்சி. நல்ல பிள்ளையா உட்கார்ந்து இந்தக் கை என்ன கண்டது?"

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்தாள். பார்க்கும்போது மனதில் கோபமோ பிரியமோ இருந்தால் மூளையின் தயாரிப்பும் மாறலாம் என்றாள். "ஆனா சண்டை போடுங்கன்னு நான் எழுதித் தர முடியாது அங்கிள்."

ஒரு கோபத்தில் கை குணமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அதன்பின் எட்டு மாதப் பயிற்சி இருக்கிறது. மேஸ்திரியம்மா என் கண்ணெதிரே பழைய செய்தித்தாள்களில் கோணல் கோடுகளாகப் போட்டுத் தள்ளியதும் அதில் சேர்த்தி. ஆனால் அமைதியாக இரு என்று சொன்னவர்களுக்காக அந்த விரல் அசையவில்லை. அதை மறைக்கவும் மாட்டேன். வலது கையால் நான் போட்ட முதல் கோடு பிரிட்ஜ் கதவுச் சீட்டின் குறுக்கே போட்டதுதான்.

மேஸ்திரியம்மா இப்போது மகனோடு பாலக்காட்டில் இருக்கிறார். நோட்டுகளை பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமே என்றாள் மனைவி. முடியாது என்றேன். இன்று காலையும் அதைத் திறந்தேன். கோடு வழுக்கும் இடத்தில் கண் பட்டதும் கோபம் வந்தது, விரல் அழுந்தியது. புதுப் பக்கத்தைப் புரட்டி ஸ்கேலை வைத்தேன்.