நம்ம ஆள் கட்டிய தாடை

எங்கள் அப்பாவுக்கு எந்தக் காரியத்திலும் கேட்க ஒரே கேள்விதான் உண்டு. "நம்ம ஆளா?" குழாய் ரிப்பேருக்கும் அதுதான், கல்யாணத் தரகருக்கும் அதுதான். அக்காவின் தாடை உடைந்தபோதும் அதையேதான் கேட்டார். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஜெலுத்தோங் மார்க்கெட் அருகே பஸ்ஸைவிட்டு இறங்கிய அக்காவை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டது. கீழ்த்தாடை இடப்பக்கம் உடைந்து, வாயை மூட முடியாமல் எச்சிலும் ரத்தமுமாக வழிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தாடை எலும்புக்கென்றே படித்த ஓரல் சர்ஜன் மறுநாள் காலையில் வந்து பார்ப்பார் என்றார்கள். அப்பா காத்திருக்கவில்லை. "யாரோ எவரோ கை வைக்கிறதா? பொண்ணோட முகம் லா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிட்டார்.

கொண்டுபோன இடம் ஒரு பல் டாக்டரின் கிளினிக். கோயில் கமிட்டியில் அப்பாவுக்கு மேலே இருந்தவர். பல் பிடுங்குவதில் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தாடை? நான் அப்போது பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே நகத்தளவு சாமானைக்கூடச் சோதிக்காமல் வெளியே விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் நேராகவே கேட்டேன்.

"அங்கிள், இதுக்கு முன்னால உடைஞ்ச தாடை கட்டியிருக்கீங்களா?"

அவர் சிரித்தார். "பல்லு எதுலம்மா நிக்குது? தாடையிலதானே?"

அப்பா என் கையைக் கிள்ளினார். வெளியே வந்ததும், "பெரிய மனுஷரப் போயி இப்படியா கேப்பே? என் மானத்த வாங்கிட்டே," என்று திட்டினார். வாழைப்பழம் வாங்கப் போனால் நாலு சீப்பைப் புரட்டிப் பார்க்கிற மனிதர் அவர்.

அக்காவின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் இறுக்கிக் கட்டினார் டாக்டர். வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரையும் மைலோவையும் ஸ்ட்ராவில் உறிஞ்சினாள். வாய் திறக்க முடியாத அவளைச் சுற்றி உட்கார்ந்து, வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் அந்த டாக்டரின் தங்கமான குணத்தைப் பேசிவிட்டுப் போனார்கள்.

கம்பியை எடுத்த அன்று பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. மோவாய் ஒரு பக்கமாகப் போயிருந்தது. தோசையைக்கூட அவளால் கடிக்க முடியவில்லை. பிய்த்துப் பிய்த்துப் போட்டு நாக்கால் நசுக்கினாள். "போகப் போகப் பழகிடும்," என்றார் டாக்டர். "அதான் சொல்றார்ல," என்றார் அப்பா. பழகுவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் லீவு போட்டு, அக்காவை மறுபடி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஓரல் சர்ஜன் ஒரு சீனப் பெண்மணி. எங்கே படித்தீர்கள், இப்படிக் கோணலாகச் சேர்ந்த தாடையைத் திருத்தியிருக்கிறீர்களா, மயக்க மருந்து கொடுப்பது யார், பிறகு என்னென்ன தொல்லை வரும் என்று பாதி மலாயிலும் பாதி இங்கிலீஷிலுமாகக் கேட்டேன். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கீழ் உதடு மரத்துப் போகலாம், சிலருக்கு அது சரியாகாமலே இருந்துவிடும் என்பதையும் மறைக்கவில்லை. எலும்பை மறுபடி உடைத்துத் தகடு வைத்துத்தான் சேர்க்கவேண்டும் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

அக்கா அழுதுவிட்டாள். அதுவரை அவளை யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை. நான்தான் சொன்னேன், இவர்தான் நம்ம டாக்டர் என்று.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பற்கள் சேர்ந்தன, மோவாய் நேரானது. அடுத்த தைப்பூசத்தில் கமிட்டியின் தண்ணீர்ப் பந்தலில் அந்தப் பல் டாக்டரைப் பார்த்தோம். அக்காவின் மோவாயை ஒரு விரலால் தூக்கி, "பாத்தியா, சரியாயிடும்னு சொன்னேன்ல?" என்றார். ஆப்பரேஷனைப் பற்றிப் பின்னால் எல்லாம் தெரிந்துகொண்ட எங்கள் அப்பா, பல்லை இளித்துக்கொண்டு, "எல்லாம் உங்க கைராசி," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த மோரை அவர்கள் மேலேயே ஊற்றியிருப்பேன்.

அக்கா முந்திக்கொண்டாள். அவர் விரலைத் தள்ளிவிட்டு, பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்: "இல்ல அங்கிள். நீங்க கட்டுனத மறுபடி உடைச்சுத்தான் சரி பண்ணாங்க."

திரும்பி வரும்போது காரில் அப்பா குதித்தார். "அத்தன பேர் முன்னால! அவர் மனசுக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்?"

"எனக்குந்தான் வலிச்சுச்சுப்பா," என்றாள் அக்கா, பின்சீட்டிலிருந்து.

வழியில் வாங்கிய கச்சாங் பூத்தே கடலையை அக்கா கடித்துத் தின்கிற சத்தம் மட்டும் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.